புரிந்துவிட்ட ஆய்வேடு

மனிதகுலம் முதலில் தீயைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரம். இவை போதாதென்று ஜெர்மன் இலக்கியத்தில் முனைவர் பட்டத்தைக் கண்டுபிடித்தது. அதற்குமேல் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லாததால், எங்கள் துறையில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வு நெறியாளரை இங்கே ஜெர்மனியில் 'ஆய்வுத் தந்தை' என்போம். எங்கள் தந்தை பேராசிரியர் ஓல்டென்காம்ப். பிள்ளைகளைக் கண்டிக்கவே மாட்டார். பெயர் ஞாபகம் இருந்தால்தானே கண்டிப்பதற்கு. ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்காவிட்டால் பல்கலைக்கழக வேலை போய்விடும் என்பது சட்டம். ஆறு ஆண்டுக்குள் முடித்தால் ஆய்வில் 'ஆழம் இல்லை' என்பது சம்பிரதாயம். இரண்டையும் ஒருசேரக் கட்டிக்காக்கும் பெருமை எங்களுடையது.

இப்பேர்ப்பட்ட இடத்தில்தான் என் எதிர் மேசைக்காரி வீப்கே அந்தக் காரியத்தைச் செய்தாள். பழைய நாடகங்களில் கதவைத் தட்டாமல் உள்ளே நுழைகிறவர்கள் யார் என்று ஆராய்ந்தாள். தட்டாமல் நுழைகிறவர்தான் அந்த வீட்டின் நிஜமான எஜமான் என்று நிறுவினாள். மெலிந்த ஆய்வேடு. செப்டம்பரோடு அவளுக்கு இங்கே வேலை முடிய இருந்தது. கீல் நகரத்து அருங்காட்சியகம் ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது, பட்டத்தோடு வந்தால்.

பேராசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க ஆய்வேட்டை ஒரே மூச்சுல படிச்சுட்டேன்."

"ரொம்ப நன்றி சார்."

"நன்றி சொல்ற விஷயமா இது? எனக்குப் புரிஞ்சுபோச்சு."

என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வேற யாராவது படிச்சாங்களா?"

"எங்கம்மா படிச்சாங்க சார். ரெண்டு இடத்துல சிரிச்சாங்களாம்."

"அம்மா என்ன பண்றாங்க?"

"பல் டாக்டர்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இலக்கியமே படிக்காதவங்க. சிரிக்க வேற செஞ்சிருக்காங்க. தேர்வுக் குழு முன்னாடி நான் எப்படிம்மா தலைகாட்டுறது?" என்னைக் காட்டினார். "இவரைப் பாருங்க. அஞ்சு வருஷமா முன்னுரையிலேயே இருக்கார். இவர்கிட்ட ஆழம் கத்துக்குங்க."

என் வாழ்நாளில் கிடைத்த ஒரே கல்வி அங்கீகாரம் அது. அன்றே வீப்கேயோடு உட்கார்ந்து அவள் ஆய்வேட்டைத் திருத்தும் வேலையில் இறங்கினேன். 'கதவு' என்று வந்த இடமெல்லாம் 'எல்லைப்புலத்தின் திறப்புநிலை' ஆனது. 'தட்டினான்' என்பது 'ஒலிசார் முன்னறிவிப்புத்தன்மை' ஆனது. அடிக்குறிப்புகள் அடியில் கிடக்க மறுத்துப் பக்கத்தின் கழுத்துவரை ஏறின.

"டேய் யோஸ்ட், இந்த வாக்கியத்துக்கு என்னடா அர்த்தம்?" என்றாள் வீப்கே.

"அது படிக்கிறவங்க கவலை. நாம எழுதுறவங்க."

"எழுதின எனக்கே புரியலையேடா."

"பாத்தியா, தேறிட்ட."

அவள் சிரிக்கவில்லை. அருங்காட்சியகத்தின் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த 'கதவை' அடித்துத் திருத்தினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு அவள் அம்மாவும் வந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், எங்கள் பண்பாடு தெரியாதவர், ஒரு கேள்வி கேட்டார்.

"முடிவா என்னதான் கண்டுபிடிச்சீங்க?"

அறையில் எல்லோரும் நெளிந்தார்கள். வீப்கே தன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"முன்னாடி தெரிஞ்சுது சார்," என்றாள்.

குழு கூடிப் பேசியது. 'தன் முடிவையே கடந்து நிற்கும் ஆய்வு' என்று பாராட்டி, அதியுயர் தகுதி வழங்கியது. எங்கள் வழக்கப்படி எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டிக் கொண்டாடினோம்.

பட்டம் வாங்கியவருக்கு அட்டைத் தொப்பி செய்து, அவர் ஆய்ந்த பொருளை அதன் உச்சியில் ஒட்டிச் சூட்டுவதும் எங்கள் வழக்கம். என்ன ஒட்டுவதென்று நண்பர்கள் புதிய ஆய்வேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வெறும் தொப்பியைச் சூட்டினார்கள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீப்கே ஜன்னல் ஓரம் நின்றாள். கையில் இருந்த மதுவைக் குடிக்கவில்லை.

அவள் அம்மா என்னிடம் வந்தார்.

"தம்பி, இவ முதல்ல எழுதினதை நான் படிச்சேன். எவ்வளவு தெளிவா இருந்தா. இப்ப என்ன கேட்டாலும் முழிக்கிறா. என் பொண்ணை என்ன பண்ணீங்க?"

துறையின் சார்பில் நான் பணிவோடு பதில் சொன்னேன்.

"பட்டம் குடுத்துட்டோம்மா."