சந்தனம் வைத்த டிஸ்க்கும் வீரபாகுவின் மதகும்

கிளிநொச்சி,
விஜயதசமிக்கு மறுநாள்.

அன்புள்ள மருமகன் ராஜரத்தினத்துக்கு,

லண்டன் குளிரில் நீரும் குடும்பமும் நலமாயிருக்கப் பிள்ளையார் அருள் புரிவாராக. இங்கு நான் சுகம், உமது மாமி சிவலட்சுமி சுகம், நீர் அனுப்பிய கொம்பியூட்டர் நேற்றுப் பின்னேரம் தொடக்கம் சுகம்.

உமக்குத் தெரியும், மழைக்கு முன் எங்கள் வாய்க்காலை முப்பத்திரண்டு குடும்பமும் துண்டு துண்டாகப் பிரித்துத் துப்பரவாக்க வேண்டும். மற்றத் துண்டெல்லாம் ஒரே புல்லு, ஒரே மண், யாருக்கு எது விழுந்தது என்று மறுநாளே மறந்துபோகும். மதகுத் துண்டு மட்டும் இடுப்பளவு சேறு. போன வருஷம் நான் இதே கொம்பியூட்டரில் அடித்த பட்டியலில் அது வீரபாகுவுக்கு விழுந்தது. அந்தக் கதையை அவர் இன்னும் நிறுத்தவில்லை. இம்முறை சண்டை வேண்டாமென்று, என்னிடம் படித்த, வயல் இல்லாத கமலாட்சியிடம் பொறுப்பை விட்டோம். நான் நெடுங்கேணியில் கலியாண வீட்டில் நின்ற நாளில் அவ தனியச் சீட்டுக் குலுக்கி, பட்டியலைக் கொம்பியூட்டரில் அடித்து அதன் டிஸ்க்கில் வைத்துவிட்டு, லீவுக்கு வவுனியா போய்விட்டா. கூட்டம் வரைக்கும் ஒருவரும் பார்க்கக் கூடாது என்பது பேச்சு. இனிமேல் கடதாசியே தேவையில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

நேற்று விஜயதசமி. பூசையில் வைத்த அந்த டிஸ்க்கை எடுத்துக் கொம்பியூட்டருக்குள் போட்டேன். இயந்திரம் முக்கி முனகி, வாசிக்க முடியவில்லை, திரும்ப முயலவா என்று கேட்டது. பிள்ளைகளுக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்துப் பழகியவன் அல்லவா, பதினொரு தரம் ஓம், முயல் என்றேன். பிறகு டிஸ்க்கை இழுத்துப் பார்த்தால், அதன் நீள்வட்டத் திறப்பில், வெறும் விரல் கூடப் படக்கூடாது என்று நீர் எழுதிய அதே இடத்தில், வட்டமாகச் சந்தனப் பொட்டு!

“சைக்கிளுக்கு வைச்சனான், மண்வெட்டிக்கு வைச்சனான், இதுக்கு மட்டும் வைக்காமல் விடுறதோ? நெத்தி மாதிரிக் கிடந்தது, வைச்சனான்” என்றா உமது மாமி.

தம்பி, காலையில் இந்த இயந்திரத்துக்குத் தன் பெயரே தெரியாது. தலைமை ஆசிரியர் வந்து மணியடித்து, இன்னார் இன்ன வகுப்புக்கு என்று சொன்னால்தானே பள்ளிக்கூடம் நடக்கும்? அந்த டிஸ்க்தான் தலைமை ஆசிரியர். எங்கள் தலைமை ஆசிரியர் சந்தனத்தில் மூழ்கிக் கிடந்தார். விடிந்தால் கூட்டம்.

ஆனால் உமது கடிதங்களை வரிக்கு வரி படித்தவன் நான். முதலில் ஆளியைத் தட்டி மின்சாரத்தை நிறுத்தினேன். டிஸ்பென்சரியில் கொஞ்சம் ஸ்பிரிட் வாங்கி, ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, டிஸ்க் வாசிக்கும் தலையை, குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரி மெல்லத் துடைத்தேன். அது காயும் வரை ஒரு தேத்தண்ணி. அப்போதுதான் நகல் நினைவுக்கு வந்தது! எதற்கும் ஒரு நகல் எடுத்து வேறாக வையுங்கோ, றேடியோவுக்குக் கிட்ட வேண்டாம், காந்தம் தின்றுவிடும் என்று நீர் எழுதியிருந்தீர். அதன்படி எடுத்து, உமது கடிதங்களைக் குத்தி வைக்கிற கம்பியிலேயே கொழுவியிருந்தேன். பதறாதேயும், குத்தவில்லை. நடுவில் அவர்களே ஓட்டை விட்டிருக்கிறார்களே! தூசியைத் தட்டிப் போட்டேன். கிர்ர் என்றது, எழுத்து வந்தது. உமது மாமி கற்பூரத்தோடு ஓடி வந்தா. இந்தப் பக்கம் வராதே என்று கதவைச் சாத்தினேன்.

இன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் மூச்சு விட இடமில்லை. பட்டியலை நான் வாசிக்க, எல்லோரும் கடதாசியில் எழுதினார்கள். மதகு என்று வந்ததும் வீரபாகு கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“வாத்தியார், திரும்பவும் எனக்கோ? மிசினுக்கு என்னிலை என்ன கோவம்?”

“மதகுக்கு அண்ணரை விட மனமில்லைப் போலை” என்றான் பக்கத்தில் இருந்த அப்புத்துரை.

மனிதருக்கு ஞாபகம் பிசகும் வீரபாகு, இதற்குப் பிசகாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினேன். பாவம், தலையை ஆட்டிக்கொண்டு போனார். ஆகவே ஒரு நகல் இருந்தால் ஒரு பயமும் இல்லை என்று உமது சிநேகிதர்களுக்கும் சொல்லும்.

பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். எல்லோரும் நூறாண்டு வாழ்க.

அன்பு மாமா,
சிற்றம்பலம்

பி.கு.: கடிதம் தபாலுக்குப் போக முன் துப்பரவுக்குக் குறித்த ஞாயிறு வந்துவிட்டது. வாய்க்கால் முழுவதும் துப்பரவு. மதகடியில் வீரபாகு கழுத்து வரை சேறு. வவுனியாவால் வந்த கமலாட்சி அதைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தா. “சேர், நீங்கள் வாசிச்சது போன வருஷப் பட்டியல். நகல் எப்ப எடுத்தனீங்கள்?” போன வருஷந்தான். புதுப்பட்டியல் சந்தனத்துக்குக் கீழே. அதில் மதகு எனக்காம்.

இது அவ வாயால் வந்தபோது வாசல் படலையடியில் வீரபாகு நின்றதை நான் காணவில்லை. அவர் சேற்றோடு உள்ளே வந்தார். தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து கொம்பியூட்டரில் சாத்தினார். “வாற வருஷமும் அதுக்கடுத்த வருஷமும் மதகு உங்களுக்கு, வாத்தியார். இப்பவே அடியுங்கோ. நகலும் எடுங்கோ.”