பைலிச்சன் பாடிய வேகம்

பைலிச்சனின் மாதா பாட்டு முதல் அடியில் மாட்டுவண்டியாகப் போனது. இரண்டாம் அடியில் ஆம்புலன்ஸ்.

ஷின்டோ ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ஒல்லூரில் அவன் நடத்தும் சின்ன ஸ்டூடியோவில் எத்தனையோ பேர் தாளம் தப்பிப் பாடியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் அவன் காதலிக்கும் நிம்மியின் அப்பா இல்லை.

"சர்ச் பெருநாளுக்கு இதுக்கு வாத்தியம் சேர்த்துக் கொண்டா மோனே. கல்யாணப் பேச்சை அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி, செல்போனில் பாடி அனுப்பியிருந்தார் பைலிச்சன்.

"கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு? அதுகிட்ட விடு" என்றான் வயலின் வாசிக்க வந்திருந்த டென்னி.

பாட்டைக் கேட்டு, எங்கே வேகமெடுக்கிறது, எங்கே தளர்கிறது என்று கம்ப்யூட்டரே வரைபடம் போட்டுத் தரும். அதைப் பிடித்துக்கொண்டு வாத்தியங்கள் பின்னால் போகும். போட்டது. இரண்டு மடங்கு வேகத்தில் போட்டது. டிரம்ஸ் தலைதெறிக்க ஓடியது.

"டேய், இது மாதா ஊர்வலமா, ஓணத்துப் புலியாட்டமா?"

ஷின்டோ வேகத்தைப் பாதியாக்கினான். இப்போது பைலிச்சன் நடுநடுவே இருமியதையும் கம்ப்யூட்டர் தாளத்தில் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு இருமலுக்கும் ஒரு மணி அடித்தது.

"மாமனாருக்குச் சளின்னு ஊருக்கே மணியடிச்சுச் சொல்றியே!"

எரிச்சலில் வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டையே இழுத்து, அமுக்கி, ஒரே வேகத்துக்கு நிமிர்த்தினான். தாளம் அசையாமல் நின்றது. குரல்தான் கிணற்றில் விழுந்தவர் உதவிக்குக் கூப்பிடுவது போலாகிவிட்டது.

நிம்மிக்குப் போன் போட்டான். "உங்க அப்பச்சனுக்குத் தாளம்னா என்னன்னே தெரியாதா?"

"அதை அவர்கிட்டயே கேளேன்." சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

"நிமிர்த்தினதையே கொடுத்துத் தொலை. தாளமாவது சரியா இருக்கு" என்றான் டென்னி.

ஷின்டோ பழைய பதிவை இன்னொரு முறை கேட்டான். தப்பும் தவறுமாக இருந்தாலும் மனுஷன் அனுபவித்துப் பாடியிருந்தார். அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

"வேண்டாம்டா. அவர் நிக்கிற இடத்துல நாமளும் நிப்போம், ஓடுற இடத்துல ஓடுவோம்."

ஒவ்வொரு தட்டாகக் காதால் கேட்டு, கையால் நகர்த்தி, வரைபடத்தைப் புதிதாகப் போட்டான். டென்னி முணுமுணுத்துக்கொண்டே அதன்படி வாசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பைலிச்சன் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்ததும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு இடத்துலகூட என்னைத் தனியா விடலையே மோனே! ரொம்ப நன்றிடா." உள்ளே திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "த்ரேஸ்யாம்மா, மாப்பிள்ளைக்கு அப்பம் வை!"

மாப்பிள்ளை! ஷின்டோ மாதாவுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து மனதார நன்றி சொன்னான். சந்தோஷத்தில் வாயும் கொஞ்சம் தாராளமானது.

"அப்பச்சனுக்குத் தாளம் லேசா விட்டாலும், பாட்டுல உயிர் இருக்கு அம்மச்சி."

த்ரேஸ்யாம்மா அப்பத்தின்மேல் ஸ்டூவை ஊற்றினாள்.

"தாளம் விடுறதா? ரிட்டையர் ஆகுற வரைக்கும் போலீஸ் பேண்டுல டிரம் அடிச்ச மனுஷன்! நான்தான் கோணலாப் பாடி அனுப்பச் சொன்னேன். இவரையே நிமிர்த்தப் பார்க்கிற பையன், நாளைக்கு என் பொண்ணைச் சும்மா விடுவானா?"