ஜன்னல் திரையில் வடித்த கஸ்டர்டு

பாத்திரத்தில் இருந்தது கஸ்டர்டு அல்ல, முட்டைப் பொரியல். கிளெமென்ட் அடுப்பை அவசரமாக அணைத்துவிட்டு அதையே வெறித்துப் பார்த்தார். மனைவி ஹெஸ்டர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் லெம்ஸ்டர் தேவாலயத்துத் திருவிழாவில், பாதிரியாரும் மாதர் சங்கத்துப் பெண்களும் சுற்றி நிற்க, மனைவி சுட்ட கேக்கைக் கடித்துவிட்டு, "கொஞ்சம் வறண்டு போச்சோ?" என்று கேட்டுவிட்டார் மனிதர். வறண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஊரில் அதைச் சொல்கிற வழக்கமில்லை. செங்கல்லைச் சுட்டுத் தட்டில் வைத்தாலும் "அருமை" என்று சொல்லி, இன்னொரு துண்டு கேட்டு வாங்க வேண்டும். அன்று சாயங்காலமே ஹெஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா ஈனிட் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று தேநீருக்கு வருகிறாள். தங்குவதற்கா, மிச்சத் துணிமணிகளை எடுத்துப்போவதற்கா என்று சொல்லவில்லை.

வீடு வெறிச்சென்று இருந்தது. அவள் இல்லாமல் மீதிக் காலத்தை ஓட்ட முடியாது என்று இந்த ஒரு வாரத்தில் அவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.

யோசித்து யோசித்துப் பார்த்ததில் தேனிலவு ஞாபகத்துக்கு வந்தது. பழைய மாளிகை விடுதி ஒன்றில், சமையல்கார அம்மாள் முந்நூறு வருஷத்துப் பக்குவத்தில், கூஸ்பெர்ரி என்ற புளிப்புப் பழம் சேர்த்த கஸ்டர்டைத் தன் கையாலேயே பரிமாறினாள். அந்தப் புளிப்பில் அவருக்கு முதல் வாயே இறங்கவில்லை. ஹெஸ்டரோ தன் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, அவருடையதையும் இழுத்து வைத்துக் காலி செய்தாள். அவ்வளவு ஆசை! அதற்கப்புறம் ஒருநாள்கூட அதைச் செய்து தரவேண்டுமென்று தனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் இப்போது அவரை அரித்தது.

கூஸ்பெர்ரி வாங்கிவந்து இன்று அதைச் செய்யத் தொடங்கியதில்தான் முட்டை பொரிந்துபோனது. சரி, பொரிந்ததை வடிகட்டிவிடலாம். சல்லடை எங்கே இருக்கிறதென்று ஹெஸ்டருக்குத்தான் தெரியும். சமையலறை ஜன்னலின் வலைத்திரை கண்ணில் பட்டது. கழற்றினார், வடித்தார்.

திரை போனதும் பக்கத்து வீட்டு டட்ஜின் முகம் ஜன்னலில் முளைத்தது.

"என்னப்பா கிளெமென்ட், திரையைப் போட்டுக் கசக்கிட்டிருக்க?"

"கஸ்டர்டு. ஹெஸ்டருக்கு."

"ஓ! ரொம்ப நல்ல யோசனை," என்றார் டட்ஜ். அவரும் லெம்ஸ்டர்காரர்தானே.

வடித்தது தண்ணீராக ஓடியது. துணி சோப்பு வாசனை வேறு. பழைய பக்குவத்தில் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் சேர்ப்பார்களாம். அதற்கு எங்கே போவது? மாடிக்கு ஓடி, ஹெஸ்டர் முகத்துக்குப் பூசும் பன்னீரை எடுத்துவந்து கவிழ்த்தார். அவசரத்தில் பாதிப் புட்டி உள்ளே போயிற்று.

"கல்யாண வீடு மாதிரி மணக்குதுப்பா," என்றார் டட்ஜ். "கொஞ்சம் கெட்டியாக்கேன்."

சோள மாவு கைநிறைய விழுந்தது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. டட்ஜ் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடையைக் கட்டினார். வாசலில் கார் சத்தம் கேட்டது.

அக்காவோடு உள்ளே வந்ததும் ஹெஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள்.

"திரை எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கேன். உக்காரு, உக்காரு. வா ஈனிட்."

"எனக்கு டீ மட்டும் போதும்," என்றாள் ஈனிட், பாத்திரத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு.

இரண்டு கிண்ணங்களில் எடுத்துவைத்தார். ஹெஸ்டர் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். அவள் கண்ணில் நீர் கட்டியது.

"அந்த விடுதியில சாப்பிட்டமே, அதுதானே?"

"அதேதான். ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? அருமையா இருக்கு, கிளெமென்ட்."

தன் கிண்ணத்திலிருந்து அவரும் ஒரு வாய் எடுத்தார். புளிப்பும் பன்னீரும் சோப்பும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தன. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் விழித்துக்கொண்டிருக்கையில், ஹெஸ்டர் தன் கிண்ணத்தை முடித்துவிட்டு அவருடையதை இழுத்துக்கொண்டாள். அதையும் வழித்து, வாயைத் துடைத்து, அக்காவிடம் திரும்பினாள்.

"ஈனிட், கார்ல இருக்கிற என் பெட்டியை எடுத்துட்டு வந்துடலாமா?"

கிளெமென்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ இரு, நான் போறேன்," என்று ஹெஸ்டரிடம் சொல்லிவிட்டு ஈனிட்டின் பின்னாலேயே ஓடினார். பெட்டியை இறக்கும்போது பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா ஈனிட்? இத்தனை வருஷமா இந்த ஆசையை மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கா!"

ஈனிட் கார் கதவைச் சாத்தினாள்.

"ஆசையா? சின்ன வயசுலேருந்தே அவளுக்குக் கூஸ்பெர்ரின்னா குமட்டும், கிளெமென்ட். அன்னிக்கு விடுதியில சமைச்ச அந்த அம்மா மனசு நோகக்கூடாதேன்னு ரெண்டு கிண்ணத்தையும் தின்னா. இன்னிக்கு சமைச்சது நீ."