ஐந்து கிலோமீட்டர் மயோனீஸ்

போத்தலுக்குள் மறுபடியும் மாடிவீடு எழும்பியிருந்தது. மேல்மாடியில் எண்ணெய், கீழ்மாடியில் தண்ணீர், நடுவில் யாருக்கும் வேண்டாத கொஞ்சம் நுரை.

"பாத்தியே பிள்ளை, காலமை பத்து மணிக்கு வைச்சது. நான் சோறு திண்டு வரமுதல் பங்கு பிரிச்சு முடிச்சிட்டுதுகள்," என்றார் சந்தி பேக்கரி சிற்றம்பலம்.

நேசமலருக்கு அழுகை முட்டியது. திங்கட்கிழமையே இப்படி என்றால், கிழமை எப்படிப் போகும்?

சிற்றம்பலத்தின் பிரச்சினை வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஊரில் பாதிப்பேர் முட்டை தொடமாட்டார்கள்; மயோனீஸ் வைத்த பணிஸ் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே காயும். அவருக்கும் கிளினிக்கில் கொலஸ்ட்ரோல் என்று முட்டையை நிற்பாட்டியதில், ஆள் மெலிந்து, கோபம் கூடிப் போயிருந்தார்.

நேசமலரிடம் மருந்து இருந்தது. ஓமந்தையில் நடந்த ஒருநாள் பயிற்சியில் கற்று வந்தது. கடலை அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் வற்றவைத்து, எண்ணெயும் தேசிக்காய் பிழிந்த புளியும் விட்டு அடித்தால், முட்டையில்லாத மயோனீஸ். கடலையின் புரதம் எண்ணெயையும் தண்ணீரையும் சண்டை பிடிக்காமல் பிடித்து வைத்திருக்கும். 'எண்ணெய்த் துளி எவ்வளவு சின்னனாக உடைகிறதோ, அவ்வளவு நாள் பிரியாது' என்று கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தாள். பிறகு அந்தக் கொப்பியைத் திறக்கவேயில்லை.

"வியாழன் பின்னேரம் வரைக்கும் பாப்பன். பிரியாத போத்தல் ஒண்டைக் காட்டு, கிழமைக்கு நாப்பது எடுக்கிறன். இல்லாட்டிக் கொழும்புச் சாமானுக்குச் சொல்லிப்போடுவன்."

நாற்பது போத்தல் என்றால் மாதர் சங்கத்தில் பன்னிரண்டு பேருக்கும் வேலை. செயலாளர் என்ற முறையில் நேசமலர் அதை முதலே எல்லோருக்கும் சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்திருந்தாள்.

"வீட்டில நல்லாத்தானே அண்ணை இருந்தது! எல்லாம் உந்த றோட்டு. அஞ்சு கிலோமீற்றரும் குலுக்கிக் குலுக்கிப் பிரிச்சுப்போட்டுது!"

கணவன் பாலன் தன் லாண்ட் மாஸ்டர் உழவு வண்டியில் சாய்ந்தபடி தலையாட்டினான். இலுப்பைமடு றோட்டைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பலாம். அதில் ஒருமுறை போய்வந்தால் சட்டைப் பொத்தான் கழன்றிருக்கும்.

அன்றிரவு மறுபடியும் கடலை அவிந்தது. செவ்வாய்க்கிழமை போத்தலுக்கு வைக்கோல் மெத்தை போட்டாள். சந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது எண்ணெய் ஒரு விரற்கடை மேலே நின்றது.

திரும்பும் வழியில் நேரே றோட்டு வேலைகளைப் பார்க்கும் கந்தோருக்குப் போனாள். நாலு வருடத்தில் ஏழு கடிதம் எழுதியவள், எட்டாவதைக் கையில் பிடித்தபடி வாசலில் சப்பாணி கட்டி இருந்தாள்.

"அக்கா, எழும்புங்கோ. எஞ்சினியர் ஐயா உள்ளுக்க கூட்டத்தில நிக்கிறார்," என்றாள் அங்கே வேலைசெய்யும் கஜேந்தினி.

"றோட்டைப் போடுறமெண்டு சொல்லட்டும், எழும்புறன். இல்லாட்டி நாளைக்குப் பன்னிரண்டு பேரோடையும் வந்து இருப்பன்."

"எங்கை அக்கா இருப்பியள்? வாசல் உங்களுக்கே காணாது."

கடைசியில் ஐயாவே வெளியே வந்து கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை நேசமலர் தலையணைமேல் போத்தலை வைத்து, தலையணையை மடியில் வைத்து, லாண்ட் மாஸ்டர் பெட்டிக்குள் இருந்தாள்.

"மெல்ல விடுங்கோப்பா! பள்ளம்! பள்ளம்!"

"பள்ளத்துக்கு வெளியால எங்கையடி றோட்டுக் கிடக்கு?"

நடைவேகத்தில் போனார்கள். ஒரு ஆடு அவர்களை முந்திப் போனது. அன்றைக்கு எண்ணெய் இரண்டு விரற்கடை.

இதற்கிடையே வீட்டில் வேறொரு நெருக்கடி. மயோனீசுக்குத் தண்ணீர் மட்டும் போதும், கடலை மிஞ்சும். காலையில் கடலை, மத்தியானம் கடலைக்கறி, இரவு கடலை ரொட்டி.

"நேசம், மாடு கூடக் கடலையைக் கண்டு மற்றப் பக்கம் திரும்புது."

"நாப்பது போத்தல் ஓடர் வரட்டும், மீன் வாங்கித் தாறன்."

"நாப்பது போத்தலுக்கு எத்தினை கிலோ கடலை மிஞ்சுமெண்டு யோசிச்சனியோ?"

அவள் யோசித்திருக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. இனி வாகனமே வேண்டாம் என்று முடிவெடுத்தாள். போத்தலைச் சும்மாட்டில் வைத்து, தலையில் தூக்கி, மணவறைக்குப் போகும் பொம்பிளை மாதிரி அடிமேல் அடி வைத்து ஐந்து கிலோமீட்டரும் நடந்தாள். இருமவுமில்லை. பாலன் வெறும் லாண்ட் மாஸ்டரைத் தடதடவென்று ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

சந்தியில் போத்தலை இறக்கிப் பார்த்தாள். எண்ணெய் பாதி, தண்ணீர் பாதி. இவ்வளவு ஒழுங்காக அது ஒருநாளும் பிரிந்ததில்லை.

"சரி பிள்ளை, மனம் நோகாதை," என்று சிற்றம்பலம் போனை எடுத்தார். "கொழும்புக்குச் சொல்லுறன்."

நேசமலர் கதிரையில் விழுந்தாள். பாலன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை... கொஞ்சம் பொறுங்கோ. பெட்டிக்குள்ள ஒண்டு கிடக்கு."

"எந்தப் பெட்டி?" என்றாள் நேசமலர்.

"ஆயுதப் பெட்டி."

"அதுக்குள்ள என்னெண்டு வந்தது?"

"திங்கட்கிழமை நீ ரெண்டு போத்தல் செய்தனியெல்லே. ஒண்டை ஒளிச்சுப்போட்டன். பாணோட தொட்டுத் தின்ன. எத்தினை நாளைக்கடி வெறும் கடலை தின்னுறது?"

பாலன் லாண்ட் மாஸ்டரின் இரும்புப் பெட்டியைத் திறந்தான். ஸ்பனருக்கும் ஜாக்குக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் போத்தல், உடம்பெல்லாம் நெளிந்து, பாதி தின்றபடி கிடந்தது. நாலு நாள், அந்த றோட்டில், மேலும் கீழும்.

சிற்றம்பலம் மூடியைத் திறந்து கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. உலுப்பினார். அப்போதும் விழவில்லை. வெண்ணெய் மாதிரி, வெள்ளை வெளேரென்று, எண்ணெய்ப் பொட்டுக்கூட இல்லாமல் நின்றது. விரலை விட்டு நக்கினார். கண்ணை மூடினார். மறுபடியும் விட்டார்.

"திங்கட்கிழமை செய்ததோ?"

"ஓம் அண்ணை."

"முட்டை இல்லை?"

"சத்தியமா இல்லை."

நேசமலர் கைப்பைக்குள் கிடந்த கொப்பியைத் தேடி எடுத்தாள். இரண்டு கோடு போட்ட வரியை வாய்விட்டு வாசித்தாள். பிறகு றோட்டைப் பார்த்தாள். பிறகு வீட்டுப் பிளெண்டரை நினைத்தாள். கரண்ட் குறைந்த ஊரில் அது நோயாளி மாதிரி முனகும். பிறகு கதிரையை விட்டுத் துள்ளினாள்.

"ஐயோ, பிரிச்சது றோட்டில்லையப்பா! சேர்த்ததுதான் றோட்டு! நான்தான் மெத்தை போட்டு, தலையணை போட்டுக் கெடுத்தனான்!"

"அப்ப இனி?"

"நிரம்பின போத்தல் உள்ளுக்க குலுங்காது. இனி நாப்பது போத்தலையும் அரைவாசி நிரப்பி, ஸ்பனரோட போட்டு ஓடுங்கோ. ஒரு பள்ளத்தையும் விடாதேங்கோ! மதகடிப் பள்ளத்தில ரெண்டு தரம்!"

"பள்ளத்துக்குள்ள விடாதை எண்டவள் நீதானே!"

"அது நேற்று!"

சிற்றம்பலம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "கிழமைக்கு நாப்பது. எழுதிப்போட்டன். மெசின் உங்கட வீட்டு வாசலில இருந்து என்ரை கடை வாசல் வரைக்கும் கிடக்கு. அதுக்குச் செலவு எரிபொருள் மட்டும்தான்."

நேசமலர் சிரித்தாள், அழுதாள், சிற்றம்பலத்துக்குக் கும்பிடு போட்டாள், பாலனின் முதுகில் ஒன்று போட்டாள். பாலன் மீதிப் போத்தலைத் தொட்டுத் தின்ன அரை இறாத்தல் பாண் கேட்டான். சங்கத்துப் பன்னிரண்டு பேருக்கும் சொல்ல அவள் போனை எடுத்தபோது, ஒரு ஸ்கூட்டி கிறீச்சிட்டு நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றியபடி ஓடிவந்தாள் கஜேந்தினி. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, ஊரெல்லாம் உங்களைத்தான் தேடித் திரியிறன்! பன்னிரண்டு பேரோட வருவனெண்டு வெருட்டினியளெல்லே, ஐயா பயந்திட்டார். திங்கட்கிழமை விடிய உங்கட றோட்டுக்குத் தார் ஊத்திக் காப்பெற் போடினம், இனி ஒரு சொட்டும் குலுங்காது!"