பாட்டுப்பெட்டியில் பழைய புருஷன்

காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் மறுபடியும் அந்தப் பாட்டை எடுத்ததும் வெர்லீன் வாயை இறுக மூடிக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றாள். பல்லும் தெரியக்கூடாது, உயரமும் தெரியக்கூடாது.

"ஆறடிப் பொண்ணு, பல்லுல சந்து,
அவ எறிஞ்சா நான் உருண்டேன் பந்து!"

சிகாகோ நாற்பத்தேழாவது தெருவில் இருந்த அவளுடைய மீன் கடையே மேஜையைத் தட்டித் தாளம் போட்டது. பாடுகிறவன் கிளியோதா. செயின்ட் லூயிஸில் அவளுக்குப் புருஷனாக இருந்தவன். அவன் குடித்துவிட்டு வந்து நின்ற ஒரு மழைநாள் காலையில் பெட்டி, சாக்ஸபோன், கிளியோதா என்ற வரிசையில் அவள் மாடிப்படியில் உருட்டிவிட்டதை அந்த மனுஷன் ராகம் போட்டுப் பாடி, ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளின் விற்பனை வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோய்விட்டான்.

அதுகூடப் பரவாயில்லை. லெமுவலிடம் அவள் தன்னை விதவை என்று சொல்லியிருந்தாள். கோர்ட், விவாகரத்து என்று நீட்டி முழக்குவதைவிட 'செத்துட்டார்' என்பது சுருக்கமாக இருந்தது. லெமுவலுக்கு ரயிலில் பயணிகளுக்குப் படுக்கை விரித்துக் கொடுக்கும் வேலை. சிகாகோவில் இறங்கினால் நேரே அவள் கடைக்குத்தான் வருவான். அடுத்த மாதம் கல்யாணம்.

அவனுக்கோ அந்தப் பாட்டென்றால் உயிர்.

"என்னமா பாடறான் இல்ல?" என்றான், கெளுத்தி மீனைப் பிய்த்துக்கொண்டே.

"எவனோ குடிகாரன் உளர்றான்."

"உனக்கென்ன, பல்வலியா? சிரிச்சே பல நாளாச்சே."

"ம்ம்" என்றாள் வாயைத் திறக்காமல்.

அன்றே தீர்மானம் செய்துவிட்டாள். இந்தக் கடையில் ஒன்று அந்தப் பாட்டு இருக்க வேண்டும், இல்லை அவள் இருக்க வேண்டும்.

மறுநாள் ஜூக்பாக்ஸின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, "பெட்டி ரிப்பேர்" என்றாள்.

"அதுக்கென்னக்கா, பாட்டு எங்களுக்கு மனப்பாடம்!" என்றான் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஆட்டிஸ். நாற்காலியின் மேல் ஏறி நின்றான். கடை முழுக்கப் பாடியது. ஒருவன் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஆறடிப் பெண்ணாக வேஷம் கட்ட, இன்னொருவன் கிளியோதாவாக வாசல்வரை உருண்டான். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நடுவில் வந்த லெமுவல் பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்து, "அட, கம்பிதான் கழண்டிருக்கு!" என்று செருகியும் விட்டான்.

எல்லாரும் கை தட்டினார்கள். வெர்லீனும் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்து அவள் பெட்டியைத் திறந்து பெயர்ச்சீட்டுகளை மாற்றி வைத்தாள். கிளியோதாவின் பெயர் இருந்த இடத்தில் ஒரு தேவாலயப் பாட்டின் பெயர். அதைத் தன் கடைக்கு வருகிற எவனும் தொடமாட்டான் என்பது அவள் கணக்கு.

ஆனால் அன்று பாதிரியாரின் மனைவி வந்தார். சோள ரொட்டி வாங்க வந்தவர், "அடடே, நம்ம பாட்டுகூட வெச்சிருக்கியே!" என்று பூரித்துப்போய்ப் பொத்தானை அழுத்தினார்.

சாக்ஸபோன் அலறியது. வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது அம்மணியின் தொப்பியில் இருந்த இறகு தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இது எந்த சபைப் பாட்டு வெர்லீன்?"

"அது... புது சபைங்க."

"நல்லா இருக்கே! இன்னொரு தடவை போடு."

மறுநாள் பாடற்குழுப் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வெர்லீன் அசரவில்லை. கடை திறப்பதற்கு முன் இசைத்தட்டை வெளியே எடுத்து, மீன் செதில் சுரண்டும் கத்தியால் ஒரு கோடு இழுத்தாள். தொலைந்தது சனியன்.

மதியக் கூட்டத்தில் ஆட்டிஸ் பொத்தானை அழுத்தினான். ஊசி வரியின் நடுவில் வந்து மாட்டிக்கொண்டது.

"பல்லுல சந்து... பல்லுல சந்து... பல்லுல சந்து..."

"நிறுத்துங்கடா அதை!"

ஆறடியும் நிமிர்ந்து நின்று, வாயை முழுசாகத் திறந்து கத்திவிட்டாள். எல்லாருடைய கண்ணும் அவளுடைய முன்பல்லில்.

"அக்கா, உங்களுக்கும்..." என்று இழுத்தான் ஆட்டிஸ்.

"மூடிக்கிட்டு மீனைத் தின்னு."

பெட்டிக்கு இசைத்தட்டு மாற்ற வரும் பெர்னெல், கோடு விழுந்த அந்தத் தட்டைத் தேய்ந்துபோனதாக நினைத்து மெய்சிலிர்த்தான். "இவ்வளவு சீக்கிரம் ஒரு கடையிலயும் தேஞ்சதில்லக்கா! உங்க ஆளுங்களுக்கு இது மேல இப்படி ஒரு வெறியா!" என்று புதிதாக இரண்டு தட்டுகளைப் போட்டான். வாசலில் கிளியோதாவின் படத்தையும் ஒட்டினான். போகும்போது, "அவரு ஞாயித்துக்கிழமை இங்க தியேட்டர்ல பாடறாரு, தெரியுமில்ல?" என்றான்.

அவளுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? முன்வரிசை டிக்கெட் இரண்டை லெமுவல் அன்று காலைதான் அவள் கையில் திணித்திருந்தான்.

முன்வரிசை. மேடையிலிருந்து கிளியோதா குனிந்து பார்த்தால் முதலில் தெரிவது அவள் தலைதான். ஒளிய வேறு வழியில்லை என்று புரிந்ததும் வெர்லீனுக்கு விநோதமாக ஒரு நிம்மதி வந்தது. மறைத்து வாழ்வதைவிடத் தோற்றுப்போவது மேல். லெமுவலே தெரிந்துகொள்வதற்கு முன்னால், தானே சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து, லெமுவலின் அக்கா ஹாட்டி வீட்டில் விருந்து. வெர்லீனை ஹாட்டி பார்ப்பது அதுதான் முதல் தடவை. பொரித்த கோழி மேஜைக்கு வந்தது. வெர்லீன் தட்டைத் தொடவில்லை. எழுந்து, ஆறடியும் நிமிர்ந்து நின்றாள்.

"நான் சொல்றதைக் கேட்டுட்டு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் விதவை இல்ல. என் பழைய புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். இன்னிக்கு சாயங்காலம் பாடப்போறவன்தான் அவன். மாடிப்படியில அவனை உருட்டிவிட்டவ நான். மறுபடி அப்படிக் குடிச்சுட்டு வந்து நின்னா, மறுபடியும் உருட்டுவேன். அந்தப் பாட்டுல வர்ற பொம்பளை நான்தான். இதோ பாருங்க!"

பல நாள் கழித்து வாயைத் திறந்து எல்லாப் பல்லையும் காட்டினாள்.

லெமுவல் நிமிரவே இல்லை. காது சிவக்கக் கோழிக்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். வெர்லீன் மெதுவாகக் கைப்பையை எடுத்தாள்.

ஹாட்டி குழம்புக் கிண்ணத்தை டொக்கென்று வைத்துவிட்டுத் தம்பியை முறைத்தாள்.

"அடப்பாவி, நீ இன்னும் இவகிட்ட சொல்லவே இல்லியா? உட்காரும்மா நீ! இந்தப் பாட்டு ரெக்கார்டா வர்றதுக்கு முன்னாடியே, செயின்ட் லூயிஸ் மேடையில முதமுதலா கேட்ட அன்னிக்கே, 'கட்டினா இந்தப் பொம்பளையத்தான் கட்டுவேன்'னு தெருத்தெருவா விசாரிச்சு, உன் கடையைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்தவன்மா இவன்!"