ஈரல் போன தட்டு

இனிமேல் என் வீட்டில் கோழி ஈரல் எனக்குத்தான். எழுபத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு மத்தியான வேளையில் நான் எடுத்த முடிவு இது. உறுதியான முடிவு. சத்தமாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். அதுவரை எங்கள் காயைப் பக்கத்துத் தோட்டத்து ராஜாராமின் ஸ்டோரில்தான் உலர்த்தினோம். ஸ்டோர் என்றால் மளிகைக் கடை இல்லை. பச்சை ஏலக்காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பிக் காயவைக்கும் அறை. அடுப்பு வெளியே இருக்கும். அதில் விறகு எரித்தால் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். நிறம் மாறாமல் காய்ந்தால்தான் போடியில் காய்க்கு மரியாதை. ராஜாராம் தன் காயெல்லாம் காய்ந்த பிறகுதான் எங்கள் சாக்கை உள்ளே விடுவான். அதற்குள் எங்கள் காய் வெளுத்துவிடும். என் மனைவி சுருளியம்மாள் ஒற்றைக்காலில் நின்று சொந்த ஸ்டோர் கட்டவைத்தாள். முதல் வருஷமே காயைக் கெடுத்து மறுபடி ராஜாராம் வாசலில் போய் நின்றால், அந்த மலையில் எனக்கு முகம் கிடையாது.

அதனால் அடுப்பெரிக்க ஆள் வைத்தோம். பெயர் மொக்கச்சாமி, வயது அறுபது, முன்பல் இரண்டு இல்லை. ஆனால் கைகாரர். புறங்கையைக் குழாய்ப் பக்கம் காட்டியே சூடு சொல்லிவிடுவார். அவர் இருக்கிற தைரியத்தில் நான் தினமும் ஜீப்பில் போடிக்கு இறங்கி விலை நிலவரம் பார்த்துவந்தேன். நிலவரம் பெரும்பாலும் சீட்டுக்கட்டில்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டோர் எரிகிற நாளில் அடுப்பெரிக்கிறவருக்குத்தான் முதல் சோறு. அவர் வயிறு காய்ந்தால் தீயும் படுத்துவிடுமாம். சோறு போகட்டும், குழம்பும் போகட்டும். கோழியடித்த அன்று ஈரலும் மொக்கச்சாமி தட்டுக்குப் போய்விட்டது. பதினெட்டு வருஷமாக என் தட்டில் விழுந்த ஈரல் அது.

அதோடு விட்டாளா சுருளி? பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சு. ஏண்ணே இந்தக் கட்டையை வைக்கிறீக, ஏண்ணே சன்னலைத் திறக்கிறீக என்று ஓயாத கேள்வி. பதினெட்டு வருஷத்தில் என்னிடம் அவள் கேட்ட கேள்வி இரண்டுதான். எங்கே போனீக, ஏன் இவ்வளவு நேரம்.

எனக்குப் பொறாமை. மழுப்புவானேன்? அறுபது வயசுப் பொக்கைவாய்க்காரர் மேல், அதுவும் அவள் அண்ணே என்று கூப்பிடுகிறவர் மேல் பொறாமை. அவர் ஈரலை மெல்ல முடியாமல் மென்றதைப் பார்த்து வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் கேட்டேவிட்டேன்.

"அப்படி என்ன அந்த ஆளு பெரிய சோலி பாக்குறாரு? வெறகத் தள்ளுறதுதான?"

"அதுக்கும் பக்குவம் வேணுங்க. எல்லாராலயும் ஆகாது."

"யாரால ஆகாதுங்கற?"

"பொறுமை இல்லாதவுகளால."

"எனக்குப் பொறுமை இல்லையா?"

"ஒங்களச் சொல்வேனா? ஜீப்பு வந்திருச்சு பாருங்க, வெரசா போங்க."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜீப்பை அனுப்பிவிட்டு நேரே மொக்கச்சாமியிடம் போய், இனி நானே எரித்துக்கொள்கிறேன், நீங்கள் புறப்படலாம் என்றேன். அவர் சண்டைக்கு வருவார் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க மொதலாளி" என்று நடையைக் கட்டினார். நாலு பதிலும் வீண்.

புதுக் காயைத் தட்டில் பரப்பி அடுப்பைப் பற்றவைத்தேன். மொக்கச்சாமி ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் வைப்பார். சோம்பேறி என்று நினைத்திருந்தேன். நான் எட்டு வைத்தேன். சூடு வீணாகக் கூடாதென்று சன்னல்களையும் இறுக்கி அடைத்தேன். அரை மணி நேரத்தில் குழாய் சிவந்தது. உள்ளே புட்டு வேகிற மாதிரி ஆவி.

சுருளி வந்தாள். கத்தவில்லை. குழாய்ப் பக்கம் புறங்கையைக் காட்டினாள். கம்பியால் ஆறு கட்டையை வெளியே இழுத்துப் போட்டாள். சன்னல்களைத் திறந்தாள். ஈரம் போகிறவரை சன்னல் திறந்திருக்க வேண்டும், அதுவரை தீ மெல்ல எரிய வேண்டும், இல்லாவிட்டால் காய் வெடித்துவிடும் என்று வாத்தியார் மாதிரி சொன்னாள். குழாய்க்குப் பக்கத்திலிருந்த ஒரு தட்டு வெடித்து வெளுத்திருந்தது. மிச்சமெல்லாம் பச்சையாகத் தப்பியது. அவள் ஏன் அத்தனை கேள்வி கேட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது.

மொக்கச்சாமியைத் திரும்பக் கூப்பிடலாமா என்று இறங்கிக் கேட்டேன்.

"அவரு இந்நேரம் தேவாரம் ஊர்க்காரர் ஸ்டோருக்குப் போயிருப்பாரு. எட்டு நாளுதான் இருப்பேன்னு மொதல்லயே சொல்லித்தான வந்தாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி, நீங்க எரிங்கன்னா எரிச்சிருப்பீகளா?"

எரித்திருக்க மாட்டேன். காய்ப் பறிப்பு முடிகிற தை மாதம் வரை எனக்கு இனி போடியும் இல்லை, சீட்டும் இல்லை. போகட்டும், முதல் சோறாவது என்னுடையது. மத்தியானம் தட்டு அடுப்புக்கே வந்தது. ஆவலோடு பார்த்தேன். சோறு, கொள்ளு ரசம், சுட்ட அப்பளம்.

"ஈரல் எங்க?"

"ஒங்களுக்கு ரோஷம் வர மூணு கோழியாவது ஆகும்னு நெனச்சேன். ஒண்ணுலயே வந்திருச்சு. மத்த ரெண்டும் முட்ட போடட்டுங்க."