மைதாப் பசையில் ஒட்டிய சட்டம்

ஒரு காட்டில், விலங்குகளுக்கு இரை தேடத் தெரிந்ததோ இல்லையோ, வரிசையில் நிற்க நன்றாகத் தெரியும். ரேஷனுக்கு ஒரு வரிசை, தண்ணீருக்கு ஒரு வரிசை, வரிசையில் நிற்க டோக்கன் வாங்க இன்னொரு வரிசை. அந்தக் காட்டில் அய்யாத்துரை என்றொரு கிழக் கழுதை இருந்தது. வாழ்நாளெல்லாம் சந்தைக்கு மூட்டை சுமந்து பல்லைப் பறிகொடுத்த அதற்கு மிஞ்சிய ஒரே சொத்து, மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த ஒரு வைக்கோல் போர். அடைமழையில் வெளியே போய் மேய அதன் காலில் தெம்பு கிடையாது. போர் இருந்தால் கழுதை தை மாதத்தைப் பார்க்கும். இல்லையென்றால் பார்க்காது.

ஐப்பசி பிறக்க நாலு நாள் இருக்கும்போது அய்யாத்துரைக்கு இடது முன்னங்காலில் குளம்பு வீங்கிவிட்டது. நொண்டி நொண்டி ஆலமரத்தடி பன்னோக்கு மருத்துவமனைக்குப் போயிற்று. வாயில் முதியோர் அட்டையைக் கவ்விக்கொண்டு போயிற்று. வருமானமில்லாத கிழ விலங்குகளுக்கு வைத்தியச் செலவைக் காட்டரசே கொடுத்துவிடும். அவற்றிடம் மருத்துவமனை ஒரு புல்லைக்கூடக் கேட்கக் கூடாது. இது சட்டம். இந்தச் சட்டத்தை மருத்துவமனைச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

மேனேஜர் நரி தம்பிராஜைக் குறை சொல்லவே முடியாது. தினமும் காலை ஏழு மணிக்குப் புத்தம்புது அறிவிப்பை ஒட்டும். போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பும். ஒட்டுகிற மைதாப் பசையில் கை நிறைய வெல்லமும் சேர்க்கும். கேட்டால், பூச்சி அரிக்காமல் இருப்பதற்கு என்று சொல்லும்.

அய்யாத்துரைக்குக் கிடைத்த டோக்கன் நூற்றுப்பதினாலு. மூன்று மணி நேரம் நின்றதில் பசி வயிற்றைக் கிள்ளியது. பக்கத்தில் நின்ற கிழ ஆடு செவத்தாயி சுவரை எட்டி எட்டிக் கடித்துக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி திங்கிற?"

"நோட்டீசுண்ணே. அடிப்பக்கம் நல்லா இனிப்பா இருக்கு. மேல் பக்கம் எனக்கு எட்டல, நீங்க எடுத்துக்குங்க."

கழுதை அறிவிப்பைப் பார்த்தது. அதற்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 'அட்டை உள்ள முதியோரிடம்' என்பது வரை படித்தது. மீதியைத் தின்றுவிட்டது. காகிதம்தான் பல்லில்லாத வாய்க்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! பத்து மணிக்கெல்லாம் சுவர் நக்கித் துடைத்தாற்போல் பளிச்சென்று ஆகிவிட்டது.

வைத்தியம் நல்லபடியாகவே முடிந்தது. ஊசி போட்டார்கள், கட்டுக் கட்டினார்கள். வெளியே வரும்போது தம்பிராஜ் வாயெல்லாம் பல்லாக ஒரு பில்லை நீட்டியது. அய்யாத்துரை அதையும் எழுத்துக்கூட்டியது. குளம்புக் கட்டு, நான்கு. கொம்பு ஸ்கேன், ஒன்று.

"தம்பி, எனக்குக் கொம்பே கிடையாதேப்பா."

"ஸ்கேன் எடுத்ததுனாலதானே பெரியவரே கிடையாதுன்னு தெரிஞ்சுது? இப்படிக் குளம்பு ரேகையை வையுங்க. உங்க வைக்கோல் போரை எடுத்துட்டு வர வண்டி அனுப்பிடுறேன்."

மழையில் நனைந்து, வயிறு ஒட்டி, தன் கொட்டிலிலேயே செத்துக் கிடப்பதுபோல் கழுதைக்குக் கண்முன் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

"'அட்டை உள்ள முதியோரிடம்'னு சுவத்துல ஏதோ போட்டிருந்துச்சே தம்பி."

"எந்தச் சுவத்துல?" என்றது நரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அரசாங்க அறிவிப்பைத் தின்னா அதுக்குத் தனியா அபராதம் இருக்கு. வெளியே சொல்லாதீங்க" என்று பரிவோடு சொன்னது. கழுதை பில்லை வாயில் கவ்விக்கொண்டு ஓரமாகப் போய் நின்றது.

நல்ல வேளையாக, எதையும் தின்பதற்கு முன் படித்துவிடும் பழக்கம் செவத்தாயிக்கு இருந்தது. அறிவிப்பின் கடைசி வரி புகார் நம்பர். கழுத்தில் தொங்கிய போனை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தது.

அரை மணி நேரத்தில் புகார் அதிகாரி வேதநாயகி வந்து இறங்கியது. அது யானை. சட்டத்தைக் கரைத்துக் குடித்த யானை. தம்பிராஜ் ஓடிப் போய்க் காலை ஏழு மணிப் போட்டோவைக் காட்டியது.

"ஒட்டியிருக்கீங்க. சரி" என்று யானை எழுதிக்கொண்டு கழுதையின் பக்கம் திரும்பியது. "பெரியவரே, அவங்க குடுத்த பில்லைக் காட்டுங்க."

அய்யாத்துரை வாயைத் திறந்தது. வாயில் ஒன்றுமில்லை. கவலை வந்தால் எதையாவது மென்றுகொண்டிருப்பது அதன் பழக்கம். அரை மணி நேரக் கவலையில் பில் கரைந்து உள்ளே போய்விட்டது.

"அய்யோ அண்ணே, அது சாட்சிண்ணே!" என்று செவத்தாயி தலையில் அடித்துக்கொண்டது.

தம்பிராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பில்லா? எந்த பில் மேடம்? அட்டைக்காரங்களுக்கு நாங்க பில்லே போடுறதில்லையே! வேணும்னா எழுதியே குடுக்கிறேன்."

"எழுதிக் குடுங்க" என்றது யானை.

நரி எழுதிக் கொடுத்தது. யானை அதைச் சத்தமாகப் படித்தது. "அப்போ, இவர் உங்களுக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல?"

நரியின் வால் தொங்கிப் போனது. வேண்டும் என்றால் பில் போட்ட குற்றம். வேண்டாம் என்றால் வைக்கோல் போர் போச்சு. "ஒண்ணும் வேண்டாம் மேடம்" என்று சொல்லிக் கையெழுத்தையும் போட்டது.

அய்யாத்துரை கொட்டிலுக்கு நொண்டிக்கொண்டே ஓடியது. அந்த ஐப்பசியில் பதினெட்டு நாள் விடாமல் மழை. கழுதை போரடியில் படுத்து, வைக்கோலை ஈறால் மென்று மென்று தின்றது.

சேதி காடு முழுக்கப் பரவியது. அதன்பிறகு எந்தக் கிழ விலங்கும் பில்லைக் கட்டவுமில்லை, புகார் கொடுக்கவுமில்லை. எல்லாமே பில்லை வாங்கிய இடத்திலேயே மென்று விழுங்கிவிட்டுப் போயின. தம்பிராஜ் யோசித்து, பில்லுக்கெல்லாம் வேப்பெண்ணெய் தடவிக் கொடுக்க ஆரம்பித்தது. கிழடுகள் கண்ணில் தண்ணீர் வர வர அதையும் தின்கின்றன. வயிற்றுப் பூச்சிக்கு நல்லதாம்.

நீதி: வயதானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அட்டையை மறந்தாலும் பரவாயில்லை, வெறும் வயிற்றோடு போக மறக்கக் கூடாது.